நேரில் பார்வையிட்டேன்

எப்போதும் எனக்குப் பத்தடி பின்னால் நடந்துவந்த என் நைனாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. பதிப்பாளர் சார் என்னை இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். "அப்பாவைப் பத்தி வாசகர்களுக்கு நாலு வார்த்தை எழுதும்மா" என்றார். வாசகர்களுக்கு என்று உட்கார்ந்தால் எனக்கு ஒரு வரியும் வரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

இந்தக் கடிதம் புத்தகத்தின் பின்னால்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவர்களை நீ எவ்வளவு திட்டுவாய்! அவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கேயே நிறுத்திவிட்டு முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள். இதில் உள்ளாள் யார் என்று சொல்லப் போகிறேன்.

எனக்குச் சோர்வாக இருக்கிறது, நைனா. காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. வேதியியல் சுமாராகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் சோர்வு அதனால் இல்லை. எங்கே போனாலும் ஒரே கேள்வி. மளிகைக் கடை அண்ணன் துவரம் பருப்பைக் கட்டிக்கொண்டே, "பாப்பா, உன்கிட்டயாச்சும் நைனா சொல்லியிருப்பாரே, யாரு அந்த உள்ளாளு?" என்கிறார். உனக்கு மாலை போட வந்த ஒருவர், போட்டுக் கும்பிட்டுவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மந்திரிதானேம்மா?" என்று கேட்டார். எனக்கு உண்மையிலேயே தெரியாது என்று சொன்னபோது அவர் நம்பவில்லை.

இந்தப் பன்னிரண்டாம் புத்தகத்திலிருந்தே தொடங்குகிற யாராவது இருந்தால், அவர்களுக்காகச் சொல்கிறேன். 'எட்டாம் பிரிவு' என்ற வரிசையில் என் நைனா எழுதிய பதினொரு புத்தகங்களிலும் புலனாய்வு அதிகாரி அமுதவல்லி ஒரே ஆளைத் தேடுகிறாள். நாட்டின் ரகசியங்கள் டெல்லியிலிருந்து வெளியே போகின்றன. விற்கிறவன் வெளியில் இல்லை, அரசாங்கத்துக்குள்ளேயே இருக்கிறான். அவனுக்கு அவள் வைத்த பெயர் உள்ளாள். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு சதி முறியும். ஆனால் உள்ளாள் தப்பிவிடுவான்.

நீ டெல்லிக்குப் போனதே இல்லை. பகலில் மராமத்து ஆபீஸ், ஏரிக்கரை எப்படி இருக்கிறது, மதகு எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்த்து எழுதுகிற வேலை. சாயங்காலம் அமுதவல்லி. ஆனால் செஞ்சியில் செய்து பார்க்காத ஒன்றைக்கூட நீ எழுதியதில்லை. அவளை யாரோ பின்தொடர்வதாக அத்தியாயம் என்றால், நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஜார் வழியாக நடக்க வேண்டும், நீ பத்தடி பின்னால் வருவாய். நான் திரும்பி உன்னைப் பிடித்துவிட்டால் அத்தியாயத்தைக் கிழித்துவிடுவாய்.

ஒன்பதாம் புத்தகத்துக்காகப் பஸ் ஸ்டாண்டில் மஞ்சப் பை மாற்றினோமே, நினைவிருக்கிறதா? நான் உன் பைக்குப் பதிலாக யாரோ ஒருவரின் பையை எடுத்து வந்துவிட்டேன். உள்ளே கால் கிலோ கருவாடும் ஒரு பல் செட்டும் இருந்தன. மேல்மலையனூர் பஸ் கிளம்புவதற்குள் அந்தப் பல்லுக்காரரைத் தேடி நாம் ஓடிய ஓட்டத்தை நீ வீணாக்கவில்லை. ராணுவத் தளபதி ஒருவர் ஓடுவதாக அப்படியே எழுதிவிட்டாய்.

"எதுக்கு நைனா இவ்ளோ கஷ்டப்படுற? சும்மா எழுதினா யாருக்குத் தெரியப் போவுது?" என்று ஒருமுறை கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியும்ல" என்றாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

மே மாதம் பன்னிரண்டாம் புத்தகத்தில் எல்லா அத்தியாயங்களும் சென்னைக்குப் போய்விட்டன, கடைசி இரண்டைத் தவிர. கடைசிக்கு முந்தியதில் அமுதவல்லி ஆதாரக் காகிதங்களை ஒரு பழைய கோட்டையில் மூன்று நாள் ஒளித்து வைக்கிறாள். எழுதி முடித்திருந்தும், சோதித்துப் பார்க்காமல் அதை அனுப்ப மாட்டேன் என்றாய். கடைசி அத்தியாயத்தையே ஒரு கவரில் போட்டு, பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஆபீஸ் சிவப்பு நாடாவால் கட்டி, மேலே 'மிக ரகசியம்' என்று எழுதி என் கையில் கொடுத்தாய்.

"ஜெராக்ஸ் எடுத்துட்டியா?"

"எடுக்கல."

"இன்னா நைனா நீ! குரங்கு தூக்கினு போயிட்டா?"

"அந்தப் பயம்தான் வேணும். கையில காப்பி இருந்தா பயம் வருமா? நான் மூணு நாளு பயந்தாத்தான் அமுதவல்லி பயந்தது சரியா வந்திருக்குதான்னு தெரியும். பிரிச்சுப் படிக்கக் கூடாது, இன்னா?"

நம்மூர் ராணிக்கோட்டை மலைப்படியில் பாதி தூரம் வந்து நீ உட்கார்ந்துவிட்டாய். வெயில் என்று நினைத்தேன். நான் மட்டும் மேலே ஏறி, களஞ்சியத்தின் பின்சுவரில் கல் பெயர்ந்த பொந்து ஒன்றில் கவரை வைத்து, ஒரு செங்கல் துண்டால் மூடிவிட்டு வந்தேன். மறுநாள் மதியம் ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே நீ சாய்ந்துவிட்டாய்.

மூன்றாம் நாள் அதை எடுக்க வேண்டும். மூன்றாம் நாள் உனக்குப் பால் தெளித்துக்கொண்டிருந்தார்கள். யாரிடமாவது சொல்லியிருக்கலாம். மாமாவிடம் சொல்லியிருந்தால் கேள்வி கேட்காமல் ஏறி எடுத்து வந்திருப்பார். ஆனால் எட்டாம் பிரிவின் முதல் விதி, வைத்த இடம் வைத்தவளுக்கு மட்டும்தான் தெரிய வேண்டும் என்பது. உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அந்த விதியை நான் காப்பாற்றினேன். இந்த முட்டாள்தனத்தை உன் மகளைத் தவிர வேறு யார் செய்வார்கள்? காரியம் முடிந்து பதினேழாம் நாள் ஏறிப் போனேன். செங்கல் துண்டு கீழே கிடந்தது. பொந்து காலி.

கடைசிக்கு முந்திய அத்தியாயத்தை உன் மேசையிலிருந்து எடுத்து அனுப்பிவிட்டேன். கடைசியைக் கேட்டு ஜூன் முழுக்கப் பதிப்பாளர் சார் போன் செய்தார். டைப் ஆகிறது என்று பொய் சொன்னேன். ஜூலையில் பொய் தீர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "பரவால்லம்மா. நம்மகிட்ட இன்னொருத்தர் எழுதுறார். அவர் முடிச்சுக் கொடுத்துடுவார். மந்திரிதான் உள்ளாள்னு வெச்சிடலாம். ஜனங்களுக்கும் திருப்தி. நீ ஆகஸ்ட் கடைசி வரைக்கும் தேடிப் பாரு" என்றார். பதினொரு புத்தகமாக நீ ஒளித்து வைத்த ஒருவனை, உன்னைப் பார்த்தே இராத ஒருவர் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவாராம்.

ஒவ்வொரு ஞாயிறும் டிக்கெட் எடுத்து மேலே ஏறினேன். எல்லாப் பொந்திலும் கை விட்டுப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் முதலிலிருந்து. படி ஏறும்போது கால் வலிப்பதுகூட மரத்துப்போய்விட்டது. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, கோட்டையில் குப்பை பெருக்குகிற அஞ்சலை அக்கா துடைப்பத்தோடு என் பின்னால் வந்து நின்றாள்.

"பாப்பா, வாராவாரம் வந்து கல்லுக்குள்ள கைய வுடுறியே, இன்னா தேடுற? உள்ள பாம்பு கீம்பு இருக்கப் போவுது."

"ஒரு கவருக்கா. பிளாஸ்டிக் சுத்தி, செவப்பு நாடா கட்டி..."

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். குரலை இறக்கினாள். "யாரு அனுப்புனாங்க உன்னய? போலீஸா?"

"யாரும் அனுப்பலக்கா. எங்க நைனா எழுதினது."

"உங்க நைனா இன்னா பெரிய ஆபீசரா?"

"கதை எழுதுறவர்."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவி மனுசா! பெருக்கறப்ப செங்கல் நவுந்து கெடந்துச்சேன்னு கவர எடுத்துப் பாத்தா, மேல மிக ரகசியம்னு இருக்குது. பிரிச்சா, நாட்ட வித்தவன் நம்ம ஆபீசுக்குள்ளயே இருக்கறான்னு மொத வரி. எங்க ஆபீஸ்ல மொத்தமே ஆறு பேரு. அதுல ஒருத்தி நானு. எனக்கு எப்டி இருக்கும், சொல்லு? மேல கொண்டுபோய்க் குடுக்கலாம்னா, மேல இருக்கறவனே வித்தவனா இருந்தா? போலீசுல குடுத்தா நீ ஏன்டி பிரிச்சன்னு கேப்பான். ரேஷன் அரிசி டப்பாவுக்கு அடியில சொருவி வெச்சுட்டேன். மூணு நாளு சோறு எறங்கல."

"அப்புறம் படிச்சியாக்கா?"

"படிக்காம? இன்னாதான் ஆச்சுன்னு தெரியாம எப்டித் தூங்குறது? படிச்சப்புறந்தான் கதைன்னு புரிஞ்சுது. கதைன்னு தெரிஞ்சும் கடசீல அழுவ வந்துடுச்சு. அந்த டீ கிளார்க்கு பாவம்."

"எந்த டீ கிளார்க்கு?"

"அதான், சபாபதி. அவந்தான உள்ளாளு?" என் முகத்தைப் பார்த்தவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, நீ இன்னும் படிக்கலியா?"

நைனா, எட்டு வயதிலிருந்து நான் உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இப்படித்தான் பதில் கிடைத்தது. களஞ்சியத்தின் பின்னால், குப்பை மூட்டை பக்கத்தில். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நீ போய்விட்டதைச் சொன்னபோது அவள்தான் எனக்கும் சேர்த்து அழுதாள். மறுநாள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்து கவரைக் கொடுத்தாள். அரிசி வாசனை அடித்தது. நாடாவை நீ கட்டுகிற மாதிரியே இரட்டை முடிச்சுப் போட்டிருந்தாள்.

சபாபதியா! பதினொரு புத்தகத்திலும் கதவைத் தட்டி, ஃபைலை வைத்துவிட்டு, "டீ சொல்லட்டுமா மேடம்?" என்று கேட்கிற சபாபதி. அவனுக்கு நீ முகமே கொடுத்ததில்லை. இந்த அத்தியாயத்தில்தான் முதன்முறையாகக் கொடுத்திருக்கிறாய். இடது தோள் கொஞ்சம் இறங்கியவன். வியர்வைக்காகச் சட்டைக் காலரில் கைக்குட்டையை மடித்து வைக்கிறவன். படித்துக்கொண்டே வந்தவள் அங்கே நிறுத்திவிட்டேன். ஆணியில் தொங்கிய உன் சட்டையைப் பார்த்தேன். காலரில் அந்த மடிப்பின் தடம் இன்னும் இருந்தது.

அவன் பணத்துக்காக விற்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எல்லையில் ஒரு காவல் சாவடியைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். அவன் போகவில்லை. போகாமலே, 'நேரில் பார்வையிட்டேன், நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். சாவடி இடிகிறது. அந்தக் காகிதம் எதிரிகள் கையில் சிக்குகிறது, அதை வைத்து அவனை மிரட்டுகிறார்கள். அந்த ஒரு வரியை மறைக்கத்தான் அத்தனை ரகசியங்களையும் கொடுத்தான். விலங்கு மாட்டும்போது அமுதவல்லி ஒன்றே ஒன்று கேட்கிறாள்: "ஏன் போகவில்லை, சபாபதி?" அவன் யோசித்துப் பார்த்துச் சொல்கிறான்: "அன்னைக்கு வெயில் அதிகம், மேடம்."

அவ்வளவுதான் புத்தகம். கீழே 'முற்றும்' என்றுகூட நீ எழுதவில்லை.

அம்மாவிடம் கொண்டுபோனேன். அம்மா உன் கதைகளைப் படிக்க மாட்டாள் என்று உனக்குத் தெரியும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நான் படித்துக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டிருந்த கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ பொறந்த வருஷம்" என்றாள். "ஒரு ஊரு ஏரி மதகப் பாத்து எழுதணும்னு சொன்னாங்க. செம வெயிலு. அவருக்கு மொத புஸ்தகத்தோட கடசி அத்தியாயம் பாக்கி. அன்னைக்குள்ள தபால்ல போடணும். ஆபீஸ்லயே உக்காந்து கதைய முடிச்சாரு. சாயங்காலம், நேர்ல பாத்தேன், மதகு நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு."

"அப்புறம்?"

"அந்த மழைக்கு மதகு பிச்சுக்கினு போயிடுச்சு. ஏரித் தண்ணி மொத்தமும் வயல்ல."

"யாராச்சும் செத்தாங்களாம்மா?"

"இல்ல. நெலந்தான் போச்சு. மண்ணு மூடிடுச்சு. பாதி ஊரு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கெளம்பிடுச்சு."

"நைனாவ இன்னா பண்ணாங்க?"

"ஒன்னும் பண்ணல. மழை அதிகம்னு எழுதி மூடிட்டாங்க. அவரு எழுதுன காயிதத்த யாரும் எடுத்துக்கூடப் பாக்கல. யாராச்சும் கேட்டா சொல்லிடுவேன்னு எத்தினி நாளு சொல்லியிருக்காரு தெரியுமா? யாரும் கேக்கல."

அதனால்தானா நைனா? அதனால்தான் மஞ்சப் பையைக்கூட மாற்றிப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றாயா? அமுதவல்லி உள்ளாளைத் தேடுகிறாள் என்று நினைத்துத்தான் எல்லாரும் படித்தோம். பதினாறு வருஷமாக, தன்னை வந்து கேட்பதற்கு ஒரு அதிகாரியை நீ நடக்க வைத்துக்கொண்டிருந்தாய் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஜெராக்ஸ் எடுக்காததற்கு அமுதவல்லியின் பயம் மட்டும்தான் காரணமா? இல்லை, அந்தக் கவர் கிடைக்காமலே போய்விடட்டும் என்று உனக்குள் ஒரு ஓரத்தில் இருந்ததா? உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் கோபத்தைத் தூக்கிப் பிடிக்கவும் தெம்பு இல்லை.

அத்தியாயம் கிடைத்துவிட்டது என்றதும் பதிப்பாளர் சாருக்கு அவ்வளவு சந்தோஷம். படித்த பிறகு போனில் குரல் மாறிவிட்டது. "சபாபதின்னா ஜனங்களுக்கு உசுரும்மா. அவனப் போய்... வெயிலா இருந்துச்சுன்னு ஒருத்தன் நாட்டை விப்பானா? மந்திரின்னே மாத்திடலாம். அப்பா பேர்லதான் வரும், ஒன்னும் தப்பில்ல." அம்மாவும் மாற்றத்தான் சொன்னாள். "ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குப் படிச்சா புரிஞ்சிடும். அந்த ஊர்க்காரங்களுக்கும் புரிஞ்சிடும். போனவரு பேர எதுக்கு நாமளே கெடுக்கணும்?" என்றாள். அவள் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து என்னால் முடியவில்லை.

கடைசியில், நீ செய்வதைச் செய்தேன். "போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்மா" என்றேன்.

போன சனிக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் அம்மாவும் நானும் அந்த ஊருக்குப் போனோம். ஊர்ப் பெயரை இங்கே எழுத மாட்டேன். கரைமேல் நடந்தோம். மதகைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கீழே இருக்கிற வயல்களில் பாதிக்கு மேல் இன்னும் மணலும் வேலிக்கருவேலும்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எங்களைப் பார்த்து நின்றார்.

"யாரு ஊட்டுக்கு வந்தீங்க?"

"சும்மா, மதகப் பாக்க வந்தோம்" என்றாள் அம்மா.

"மதகப் பாக்கவா? அதுல இன்னா இருக்குது பாக்கறதுக்கு? பழசு ஒடஞ்சு போச்சு. இதுவும் ஒழுவுது, அதோ பாரு, அடியில."

பார்த்தேன். மதகின் வலது பக்கம், அடிக்கல்லுக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு ஈரம். கொஞ்சமாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"யாரும் வந்து பாக்கலியா?" என்று கேட்டேன்.

அவர் ஆட்டை அதட்டிவிட்டுச் சொன்னார்: "வந்து பாத்தேன்னு எழுதியிருப்பாங்க."

அதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை. அம்மா புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். செஞ்சியில் மலை தெரிந்ததும் அம்மா சொன்னாள்: "அவரு எழுதுனத அப்டியே போடச் சொல்லு. யாராச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

அன்றைக்கே பதிப்பாளர் சாருக்கு போன் செய்தேன். போட்டால் ஓர் எழுத்து மாறாமல் போட வேண்டும், இல்லாவிட்டால் கவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றேன். அவர், "உங்கப்பா மாதிரியே படுத்துறியேம்மா" என்றார். அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இந்தக் கடிதம் யார் கையிலாவது இருக்கிறது என்றால், அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று அர்த்தம்.

முதல் பிரதி அஞ்சலை அக்காவுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். மற்ற பதினொன்றையும் இப்போது என்னிடம் வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறாள். முடிவு தெரிந்து படிப்பதால் சபாபதி டீ கொண்டுவரும்போதெல்லாம் "குடிக்காத மேடம்!" என்று சத்தம் போடுகிறாளாம்.

பதின்மூன்றாம் புத்தகம் நான் எழுதுவேனா என்று கேட்கிறார்கள். மாட்டேன். அமுதவல்லி தேடிய ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள், அவளும் கொஞ்சம் உட்காரட்டும். எனக்கு வேறு வேலை இருக்கிறது. அந்தக் கசிவைப் பற்றி, எந்தப் பக்கம், எத்தனை விரல் அகலம், எந்த நாள், எத்தனை மணிக்குப் பார்த்தேன் என்று ஒரு மனு எழுதி, நேற்று உன் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தேன். உன் நாற்காலியில் இப்போது வேறொருவர். வாங்கி வைத்துக்கொண்டார். வெளியே அப்போது நல்ல வெயில்.

அவர் போவாரா என்று எனக்குத் தெரியாது. மழைக்கு முன்னால் நான் இன்னொரு முறை போவேன் நைனா. கசிவு நின்றிருந்தால் நின்றிருக்கிறது என்று எழுதுவேன். நிற்காவிட்டால் நிற்கவில்லை என்று எழுதி மறுபடியும் கொண்டுபோய்க் கொடுப்பேன். போகாத இடத்துக்குப் போனதாக மட்டும் என் கையெழுத்து எந்தக் காகிதத்திலும் இருக்காது. உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இது.

யாரும் உன்னைக் கேட்கவில்லை என்று வருத்தப்பட்டாயே, நான் கேட்டுவிட்டேன். நீயும் சொல்லிவிட்டாய்.

நேரில் பார்வையிட்டு இதை எழுதும்
உன் மகள்,
தேன்மொழி